கெட்டமைனும் வலியும்: மயக்க மருத்துவரிடம் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், என் அப்பாவுக்குக் கால் எலும்பு முறிந்தபோது கெட்டமைன் என்ற மயக்க மருந்தைக் கொஞ்சமாகப் போட்டார்கள். "வலி இருக்கு, ஆனா வேற யாருக்கோ வலிக்கிற மாதிரி இருக்கு" என்றார். பயந்துவிட்டோம்.

பதில்: பயப்பட வேண்டாம், அந்த மருந்தின் வேலையே அதுதான். வலிக்கு மூளையில் ஒரே ஒரு இடம் கிடையாது. எங்கே வலிக்கிறது, குத்துகிறதா எரிகிறதா என்று கணிப்பது உணர்வுப் புறணி (புறணி என்றால் மூளையின் மேலடுக்கு). "இதை நிறுத்துங்களேன்" என்ற தவிப்பில் முன் சிங்குலேட் புறணி, இன்சுலா என்ற வேறு இரண்டு மூளைப் பகுதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1997இல் கனடாவின் மான்ட்ரியாலில் ஆய்வாளர் ரேன்வில் குழுவினர் இதை அழகாகக் காட்டினார்கள். தன்னார்வலர்களின் கையைச் சூடான நீரில் வைத்து, ஹிப்னாசிஸ் மூலம் தவிப்பை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். முன் சிங்குலேட்டின் இயக்கம் அதற்கேற்ப மாறியது. முதன்மை உணர்வுப் புறணியில் அப்படி மாற்றம் இல்லை. குறைந்த அளவு கெட்டமைன் கொடுத்து எடுத்த மூளைப் படங்களிலும் சிங்குலேட், இன்சுலா பகுதிகள் அடங்குவது தெரிகிறது. அதனால்தான் அப்பாவுக்கு வலி தெரிந்தும் அது அவரை வாட்டவில்லை.

கேள்வி: எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன் சார். இது மார்ஃபின் மாதிரிதானா?

பதில்: வழி வேறு, தம்பி. மார்ஃபின் ஓபியாய்டு ஏற்பியில், அதாவது அபின் வகை மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் நரம்பணு வாசலில், வேலை செய்கிறது. கெட்டமைன் முக்கியமாக, நரம்பணுக்களைத் தூண்டும் வேதிப்பொருளான குளுட்டமேட்டின் என்.எம்.டி.ஏ. ஏற்பிக்குள் புகுந்து அதன் துளையை அடைக்கிறது. தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞை மேலும் மேலும் பெருகுவதும் இதனால் குறையும். அளவை மறக்காதீர்கள்: வலிக்கு நரம்பு வழியாகக் கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மி.கி., மயக்கத்துக்கு 1 முதல் 2 மி.கி. மூச்சைப் பெரும்பாலும் அடக்காது என்பதால், வசதி குறைந்த இடங்களில் இதைப் போல உயிர் காக்கும் மருந்து அரிது.

கேள்வி: கெட்டமைன் கொடுத்துத் தையல் போடும்போது என் மகன் கண்ணைத் திறந்தபடியே இருந்தான். உள்ளே வலியை அனுபவித்திருப்பானோ?

பதில்: இல்லைம்மா. முழு அளவில் கொடுக்கும்போது வெளியிலிருந்து வரும் உணர்வுகள் மூளையில் ஒன்றுசேர்வதே நின்றுவிடுகிறது. கண் திறந்திருக்கும், கருவிழி ஆடும், ஆனால் பார்வை எதிலும் பதியாது. தையல் பொதுவாக நினைவிலும் இருக்காது. தெளியும்போது சிலர் மிரள்வார்கள், அழுவார்கள். எனவே மருந்து போடும் முன்பே குழந்தையின் கையைப் பிடித்து, அவனுக்குப் பிடித்ததைப் பேசச் சொல்லி நான் எப்போதும் வற்புறுத்துவேன். அறையில் இரைச்சலும் கூடாது. இதில் அலட்சியம் காட்டுவதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: மனச்சோர்வுக்கும் தருகிறார்களாமே, வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. இதன் ஒரு வடிவமான எஸ்கெட்டமைன் மூக்கு ஸ்ப்ரேவுக்கு 2019இல் அமெரிக்கா அனுமதி தந்தது உண்மைதான். அங்கேயும் மருத்துவமனையில் உட்கார வைத்து, ரத்த அழுத்தம் பார்த்து, குறைந்தது 2 மணி நேரம் கண்காணித்த பிறகே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தானாக வாங்கித் தொடர்ந்து எடுத்தால் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கிவிடலாம். மனச்சோர்வு இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், இந்த வாரமே.