காசு எந்தப் பக்கம் போகிறது? – வீட்டிலிருந்து ஆன்லைன் வேலை: கேள்வி பதில்

திருப்பாதிரிப்புலியூரில் மாடி அறையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக மொழிபெயர்ப்பும் சப்டைட்டிலும் செய்து வருகிறேன். அதற்கு முன் ஒருமுறை நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். அந்தக் கதை கீழே வரும். கடலூர், புதுச்சேரி பக்கமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஆள் பெயர் வேண்டாம், ஊர் பெயர் போதும்.

நெல்லிக்குப்பம்: அக்கா, டெலிகிராமில் ஒரு வேலை. கூகுள் மேப்பில் ஹோட்டலுக்கு ஐந்து ஸ்டார் போட்டால் ஒன்றுக்கு 50 ரூபாய். மூன்று போட்டேன், 150 ரூபாய் உடனே வந்துவிட்டது. இப்போது 5,000 கட்டினால் 6,500 தருகிறோம் என்கிறார்கள். முதலில் காசு கொடுத்தவர்கள் ஏமாற்றுவார்களா?

கட்டாதே தங்கச்சி. அந்த 150 ரூபாய் தூண்டிலில் மாட்டிய புழு. 5,000 கட்டினால் 6,500 திரும்பி வரவும் கூடும், அதுதான் இதில் பெரிய ஆபத்து. அடுத்தது 20,000 கேட்பார்கள். அதற்கப்புறம் "டாஸ்க்கில் தப்பு செய்துவிட்டீர்கள், கணக்கு லாக் ஆகிவிட்டது, திறக்க 60,000" என்பார்கள். போட்ட காசை எடுக்கிற ஆசையில் நகையை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். குழுவில் "எனக்கு வந்துவிட்டது" என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறவர்கள் எல்லாம் அவர்கள் ஆட்களே.

வேலை கொடுக்கிறவன் உனக்குத்தான் காசு தர வேண்டும். ரிஜிஸ்ட்ரேஷன், டெபாசிட், டிரெய்னிங் கிட், ஐடி கார்டு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் காசு உன் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனால் அங்கேயே நிறுத்திவிடு.

இதைப் படிக்கிற யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால், மானத்துக்குப் பயந்து இரண்டு நாள் யோசிக்காமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே போகும். அதற்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

பண்ருட்டி: என் வங்கிக் கணக்கில் பணம் வரும், அதை அவர்கள் சொல்லும் கணக்குக்கு மாற்றிவிட்டால் 2 சதவீதம் கமிஷன். வேலை இவ்வளவுதான். செய்யலாமா?

மேலே சொன்ன நெல்லிக்குப்பத்துத் தங்கச்சி மாதிரி ஆட்கள் கட்டுகிற காசுதான் உங்கள் கணக்கு வழியாகப் போகும். இதற்கு மியூல் அக்கவுண்ட் என்று பெயர். எங்கோ வேறு மாநிலத்தில் புகார் பதிவானதும் முதலில் முடங்குவது உங்கள் கணக்கு, முதலில் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் எதையும் வாடகைக்கு விடாதீர்கள். கல்லூரிப் பையன்களைத்தான் இதற்குக் குறி வைக்கிறார்கள்.

கடலூர், மஞ்சக்குப்பம்: தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருக்கிறேன். கைக்குழந்தை இருக்கிறது. டேட்டா என்ட்ரி வேலை ஒன்று சொல்லுங்கள்.

நான் ஏமாந்தது இதே டேட்டா என்ட்ரியில்தான். 2,500 ரூபாய் கட்டினேன். மங்கலாக ஸ்கேன் செய்த பக்கங்களை ஐந்து நாளில் டைப் செய்து தர வேண்டும், 90 சதவீதம் துல்லியம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். ராத்திரி பகலாக அடித்துக் கொடுத்தேன். 71 சதவீதம்தான் சரி என்றார்கள். சம்பளம் வராதது கூடப் பரவாயில்லை. ஒரு வாரத்தில் "ஒப்பந்தத்தை மீறியதற்கு 8,000 ரூபாய் கட்டு, இல்லையென்றால் கோர்ட்டுக்கு வா" என்று வக்கீல் நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டினேன். பார்த்துச் சிரித்துவிட்டு, "இது எந்தக் கோர்ட்டுக்கும் போகாதும்மா, நம்பரை பிளாக் பண்ணு" என்றார். இன்றும் இதே நாடகம் நடக்கிறது. அப்படி நோட்டீஸ் வந்தால் ஒரு பைசா கட்டாதீர்கள். மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு சைபர் கிரைமில் புகார் கொடுங்கள்.

கேப்சா டைப்பிங் என்று ஒன்று உண்டு, படத்தில் கோணலாகத் தெரியும் எழுத்தைப் பார்த்து அடிக்கிற வேலை. காசு வரும், ஆனால் ஆயிரம் படம் தட்டினாலும் ஒரு டாலர் தேறாது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உங்கள் கையில் இருப்பது சாதாரண சரக்கு இல்லை. தமிழ் ஹையர் முடித்து, ஒற்று எங்கே வரும் என்றும் தெரிந்தவர்கள் குறைவு. பழைய புத்தகங்களை மறுபதிப்பு செய்கிற பதிப்பகங்கள், மலர் போடுகிற சங்கங்கள், ஆய்வேடு சமர்ப்பிக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள், இவர்களுக்கெல்லாம் பிழையில்லாமல் அடித்து, மெய்ப்பும் பார்த்துத் தர ஆள் வேண்டும். இ-கலப்பை மாதிரி மென்பொருளில் நீங்கள் பழகிய டைப்ரைட்டர் விசை அமைப்பே இருக்கிறது, புதிதாக எதுவும் கற்க வேண்டாம். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிப் பிழை திருத்துவதும் ஒரு வேலைதான். மாதிரிக்கு நான்கு பக்கம் அடித்து பிடிஎஃப் ஆக வைத்துக்கொண்டு பத்துப் பதிப்பகத்துக்கு நீங்களே மெயில் போடுங்கள். இரண்டு பேர் பதில் போட்டால் நல்ல தொடக்கம்.

லாஸ்பேட்டை: பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்து 98 மார்க் வாங்கினேன். இதை வைத்துச் சம்பாதிக்க முடியுமா?

மார்க்குக்காகப் படித்த பிரெஞ்சா, பேசுகிற பிரெஞ்சா? கோபப்படாதே தம்பி, புதுச்சேரியில் இது கேட்க வேண்டிய கேள்வி. மனப்பாடம் செய்த பிரெஞ்சுக்கு வெளியே விலை கிடையாது.

பேசவும் வந்தால் நீ இருக்கும் ஊர் மாதிரி வசதி வேறெங்கும் இல்லை. பிரெஞ்சு சொல்லித்தரும் அலியான்ஸ் பிரான்சேஸில் படித்து, டெல்ஃப் பி2 என்ற பிரெஞ்சுத் தேர்ச்சிச் சான்றிதழ் வாங்கிவிடு. பேச்சுப் பழக்கத்துக்குக் காசு கூடச் செலவழிக்க வேண்டாம், தெருவில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்) வீடாவது இருக்கும். அந்தத் தாத்தாவோடு தினம் அரை மணி நேரம் உட்கார். அவருக்கும் பேச்சுத் துணை.

அப்புறம் வேலை. கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பிரெஞ்சு தெரிந்தால் கூடுதல் புள்ளி கிடைக்கும். அதனால் அந்தத் தேர்வுகளுக்கு அடிப்படையிலிருந்து, அதுவும் தமிழிலேயே விளக்கிச் சொல்லித்தருகிறவருக்குக் கிராக்கி இருக்கிறது. ப்ரெப்ளி போன்ற ஆன்லைன் வகுப்புத் தளங்களில் சேரலாம். ப்ரெப்ளியில் ஒவ்வொரு மாணவரின் முதல் வகுப்புக் கட்டணத்தையும் தளமே எடுத்துக்கொள்ளும். அதற்கடுத்து 33 சதவீதத்தில் தொடங்கி, சொல்லித்தந்த மணிக்கணக்கு ஏற ஏற 18 வரை கமிஷன் குறையும். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். முதல் பத்து மாணவர்களைப் பிடிப்பதற்கான செலவு என்று நினைத்துக்கொள்.

பிரெஞ்சு வாடிக்கையாளர் சேவை, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதித் தருவது, இவையும் உண்டு. பிரான்ஸ் நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால். மதியத்துக்கு மேல் உட்கார்ந்தால் போதும், அமெரிக்க வேலை மாதிரி ராத்திரி விழிக்க வேண்டியதில்லை.

வில்லியனூர்: சுடுமண் பொம்மை, விளக்கு செய்கிறோம். ஆன்லைன் தளத்தில் விற்க ஜிஎஸ்டி கேட்கிறார்கள். இல்லாமல் விற்க வழி இருக்கிறதா அக்கா?

இருக்கிறது, ஆனால் நம் ஊர் எல்லை இடிக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு வியாபாரிகளும் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு பதிவு எண் வாங்கிக்கொண்டு இணையத் தளங்களில் பொருள் விற்கலாம். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும். சென்னைக்காரருக்கு அது தமிழ்நாடு முழுக்க. உங்களுக்குப் புதுச்சேரி மட்டும். பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருக்கும் கடலூருக்கு அனுப்பினாலும் வெளி மாநில விற்பனை. எல்லையிலுள்ள முள்ளோடை பிராந்திக் கடைகளைப் பார்த்தால்தான் நமக்கே எல்லை தெரிகிறது, சட்டத்துக்கு நன்றாகத் தெரிகிறது!

தளம் வேண்டாம், இன்ஸ்டாகிராமில் நேரடியாக விற்கிறேன் என்றால் கைவினைப் பொருளுக்கு ஒரு விலக்கு உண்டு. குறிப்பிட்ட விற்றுமுதல் வரை வெளி மாநிலத்துக்கும் பதிவு இல்லாமல் அனுப்பலாம். பான் எண், சரக்கு அனுப்பும்போது எடுக்கும் ஈ-வே பில் போன்ற நிபந்தனைகள் உள்ளன. ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும் விற்றுமுதல் வரம்பிலும் வித்தியாசம் இருக்கிறது: பொருள் விற்கிறவருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 40 லட்சம், புதுச்சேரியில் 20 லட்சம்.

வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அதைச் சொல்லி விற்கும் முன், அந்தப் பெயரைப் பயன்படுத்துவோராகப் பதிந்துகொள்ளுங்கள். பேக்கிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். உடைந்து போன ஒரு விளக்கு, பத்து விளக்கின் லாபத்தைத் தின்றுவிடும்.

கடலூர் முதுநகர்: யூடியூபில் சமையல் வீடியோ போடுகிறேன், 640 சப்ஸ்கிரைபர். காசு எப்போது வரும்?

விளம்பரக் காசுக்கு 1,000 சப்ஸ்கிரைபரும், கடந்த 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை. தகுதி வந்த பிறகும் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். நடுவில் 10 டாலர் சேர்ந்ததும் பின் நம்பரோடு ஒரு கடிதம் தபாலில் வரும், முகவரியைச் சரியாகக் கொடுத்து வையுங்கள். வரி விவரப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர் மூலம் வரும் பங்கில் மட்டும் 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாவிட்டால் 24 சதவீதம், மொத்த வருமானத்திலும்.

பத்தோடு பதினொன்றாகப் பன்னீர் பட்டர் மசாலா போடாதீர்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள். மீன் எப்படிப் பார்த்து வாங்குவது, நெத்திலிக் கருவாட்டை எப்படிக் கழுவுவது என்று போடுங்கள். சிங்கப்பூரில் இருக்கிற நம் ஊர்க்காரர் அதைத்தான் தேடுகிறார். கருவாட்டுப் பொடி, ஊறுகாய் என்று விற்பனைக்கு இறங்கினால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம்.

நெய்வேலி: ஓய்வு பெற்றுவிட்டேன். கணக்குப் பிரிவில் 30 வருட அனுபவம். 61 வயதில் ஏதாவது செய்ய முடியுமா?

தாராளமாக, சார். பண்ருட்டி முந்திரி வியாபாரிகள், நெல்லிக்குப்பம் கடைகள் என்று பலருக்கும் டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றவும் ஜிஎஸ்டி கணக்கைச் சரிபார்க்கவும் முழுநேர ஆள் கட்டுப்படியாகாது. மாதத்துக்கு இவ்வளவு என்று நான்கு கடை பிடித்தால் காலை நேரம் சரியாகப் போய்விடும். எல்லாம் வீட்டிலிருந்தே.

ஒரு எச்சரிக்கை. ஓய்வுப் பணம் வந்தவர்களைத் தேடி "பங்குச் சந்தைப் பயிற்சி" வாட்ஸ்அப் குழுக்கள் வரும். செயலியில் காட்டும் லாபம் வெறும் எண்தான். எடுக்கப் போகும்போது தெரியும்.

பாகூர்: அரசுப் பள்ளி ஆசிரியை. மாலையில் ஆன்லைன் டியூஷன் எடுக்கலாமா?

புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கு மத்திய அரசு நடத்தை விதிகள்தான், 1964. அனுமதி இல்லாமல் தனித் தொழிலோ வேறு வேலையோ கூடாது. எப்போதாவது கதை, கட்டுரை எழுதுவதற்குத் தடையில்லை. எழுதிக் கொடுத்து அனுமதி வாங்காமல் டியூஷன் வேண்டாம் டீச்சர்.

அரியாங்குப்பம்: லோகோ டிசைன் செய்வேன். ஃபைவர் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் 50 டாலர் வேலை முடித்தேன். கைக்கு எவ்வளவு வரும்? வரி?

ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும், ஆக 40 டாலர். புதியவர்களுக்கு வேலை முடிந்து 14 நாள் கழித்துத்தான் எடுக்கவே விடுவார்கள். வெளிநாட்டுப் பணத்தை வங்கிக்கு மாற்றித்தரும் பேயோனியர் வழியாக வரும்போது மாற்று விகிதத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். ஒவ்வொரு வரவுக்கும் வெளிநாட்டுப் பண வரவுச் சான்றை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சேவை வேலைக்கு ஆண்டுக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. வருமான வரி, 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை பெரும்பாலும் வராது. ஆனால் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். பின்னால் வீட்டுக்கடன் கேட்கும்போது அந்த ரிட்டர்ன்தான் உங்கள் சம்பளச் சீட்டு.

சிதம்பரம்: ஏஐ வந்துவிட்டதே, மொழிபெயர்ப்பில் இனி காசு இருக்கிறதா?

குறைந்துவிட்டது, மறைக்க மாட்டேன். எனக்கே நேரடி மொழிபெயர்ப்பு பாதியாகிவிட்டது. இப்போது மெஷின் செய்ததைத் திருத்துகிற வேலை அதிகம், கூலி குறைவு. நிலைத்து நிற்பது காதை நம்பிய வேலை. கடலூர் மீனவர் பேசுவதைக் கேட்டுச் சப்டைட்டில் போட மெஷின் இன்னும் திணறுகிறது. ஏஐக்குத் தமிழ்க் குரல் பதிவு செய்து தருவது, பதில்களைச் சரிபார்ப்பது என்ற வேலைகளும் வருகின்றன. வரும்போது வரும், வராதபோது ஒரு மாதம் சும்மா இருக்கும். குடும்பத்தின் அரிசிக் காசை இதை நம்பி வைக்காதீர்கள். எனக்கு முதல் மூன்று மாதத்தில் வந்தது மொத்தம் 4,200 ரூபாய்.

தவளக்குப்பம்: மழைக்காலத்தில் கரண்ட், நெட் இரண்டும் போய்விடுகிறது. வெளிநாட்டுக் கிளையன்டிடம் எப்படிச் சமாளிப்பது?

முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் வழி. நவம்பர், டிசம்பரில் எந்த வேலைக்கும் நான் இரண்டு நாள் கூட்டித்தான் கெடு சொல்வேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் உங்கள் பக்கம் கரை கடந்தது. அடுத்த இரண்டு நாளில் இங்கே பெண்ணையாற்றில் வெள்ளம் வந்துவிட்டது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே வானிலை மையத்தின் படத்தை இணைத்துக் கிளையன்டுக்கு மெயில் போட்டு, முடித்தவரை அனுப்பிவிட்டேன். அப்புறம் மூன்று நாள் போனில் சார்ஜ் கூட இல்லை. நெட் வந்ததும் மெயிலைத் திறந்தால், கெடுவை ஒரு வாரம் தள்ளி வைத்திருந்தார். கீழே ஒரு வரி: வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்.