பார்வதி ஏன் பேசுகிறார்? – கடிதம்

வணக்கம் அக்கா,

‘உள்ளொழுக்கு’ மலையாளப் படம் பார்த்தேன். ஊர்வசி, பார்வதி திருவோத்து இருவருமே பிரமாதம். ஆனால் இவ்வளவு நல்ல நடிகையான பார்வதி எதற்காக எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லிப் பகையைத் தேடிக்கொள்கிறார்? ஊர்வசி மாதிரி நடிப்போடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நிறைய படங்கள் கிடைக்குமே.

ஆர்., நாகர்கோவில்

அன்புள்ள ஆர்.,

முதலில் ஊர்வசி. அதே படத்துக்காகச் சிறந்த துணை நடிகை என்று தேசிய விருது அறிவித்தபோது, அது எப்படித் துணைப் பாத்திரம் ஆகும் என்று 2025ல் வெளிப்படையாகவே கேட்டவர் அவர். அவரும் பேசுகிறவர்தான்.

சரி, பார்வதிக்கு வருவோம். ‘உள்ளொழுக்கு’வில் அவர் நடித்த அஞ்சுவை நினைத்துப் பாருங்கள். குட்டநாட்டில் வெள்ளம். இறந்த கணவனைப் புதைக்க முடியாமல் தண்ணீர் வடியக் காத்திருக்கிறார்கள். அவள் வயிற்றில் இருப்பது காதலனின் பிள்ளை; மாமியாரோ மகனின் வாரிசு என்று பூரிக்கிறாள். இந்த இடத்தில் கொஞ்சம் அழுது நம் இரக்கத்தை வாங்கிவிடலாம். பார்வதி அதைச் செய்வதில்லை. பிடித்தால் பிடிக்கட்டும் என்று அந்தப் பெண்ணை அப்படியே நம் முன்னால் நிறுத்துகிறார்.

‘டேக் ஆஃப்’ 2017ல் வந்தது. 2014ல் ஈராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்சுகள் சிக்கிய சம்பவத்திலிருந்து எடுத்த படம். அதில் எனக்குத் துப்பாக்கிச் சத்தமெல்லாம் மறந்துவிட்டது. முதல் திருமணத்தில் பிறந்த மகனிடம், இரண்டாவது திருமணத்தையும் கர்ப்பத்தையும் சொல்ல முடியாமல் பார்வதியின் சமீரா படும் பாடு மட்டும் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட பெண்களின் வாழ்க்கைக்குள் வருடக்கணக்கில் போய்வந்தவர், திரையில் பெண்ணை இழிவாகப் பேசும் வசனத்துக்குக் கைதட்டல் விழும்போது எப்படிச் சும்மா இருப்பார்? 2017 டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் மம்மூட்டி நடித்த ‘கசபா’ படத்தைப் பற்றி அவர் கேட்டது அதைத்தான். மம்மூட்டி நல்ல நடிகர் என்றும் அதே மேடையில் சொன்னார். அப்புறம் நடந்தது உங்களுக்கும் தெரியும். இணையத்தில் அவர்மேல் வசவுகள் குவிந்தன. அவர் போலீசில் புகார் கொடுத்து, வசவு எழுதியவர்களைக் கைது செய்யும் வரை போக வேண்டியிருந்தது. அந்த வசவுகளில் சிலவற்றைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஐந்து வருடம் கழித்து, ‘புழு’வில் அதே மம்மூட்டிக்குத் தங்கையாக நடித்தார். மம்மூட்டி அதில் சாதித் திமிர் ஊறிய அண்ணன். இயக்கியவர் ரதீனா என்ற பெண். அவருக்கு அதுதான் முதல் படம். நீங்கள் சொல்லும் பகை அங்கே எங்கே இருக்கிறது?

இன்னொன்றும் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகை காரில் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்டார். அதற்குப் பிறகு பெண் கலைஞர்கள் சேர்ந்து ஆரம்பித்த அமைப்பில் பார்வதியும் உண்டு. அவர்கள் முதலமைச்சரிடம் மனு கொடுத்ததால்தான், மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய ஹேமா கமிட்டி அமைந்தது. 2019 முடிவில் கொடுத்த அறிக்கை 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. பாதிக்கப்பட்ட அந்த நடிகையைப் பற்றி நடிகர் சங்க நிர்வாகி ஒருவர் சொன்ன வார்த்தைக்காக 2020ல் சங்கத்தை விட்டே வெளியேறினார் பார்வதி. வாய்ப்பு குறையும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் போனார். அவர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. ஆனால் பேசாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

‘பூ’ பார்த்திருக்கிறீர்களா? 2008ல் வந்தது. ச. தமிழ்ச்செல்வனின் சிறுகதையிலிருந்து சசி எடுத்தார். கரிசல் மண்ணில் பட்டாசு வேலைக்குப் போகும் மாரியாக வருவது கோழிக்கோட்டுப் பெண் என்று நம்பவே முடியாது. தான் ஆசைப்பட்ட தங்கராசு சந்தோஷமாக இல்லை என்று தெரிந்ததும் கடைசியில் மாரி அழுகிற அழுகை இருக்கிறதே! அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்
அக்கா