பிளேடு உடைகிறது என்று மெஷினை மாற்றாதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 61. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், பொழுதுபோக்காக, மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி மரப்பலகையில் வளைவு வளைவாக வெட்டுகிற 16 அங்குல ஸ்க்ரோல் சா மெஷின் ஒன்று வாங்கினேன். பேத்தி பெயரில் பலகை, பூஜை அறைக்கு வேல், மயில் என்று வெட்டிப் பார்த்தேன். பிளேடு அடிக்கடி உடைகிறது. பலகை மேஜையில் குதித்துக் குதித்து அடிக்கிறது. வெட்டிய ஓரம் கருகிவிடுகிறது. விற்ற கடையில் கேட்டால், “இது சின்ன மெஷின். எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் பெரியது எடுங்கள். நீங்கள் செய்கிற பொருளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்” என்கிறார்கள். பெரியது வாங்கலாமா? தேக்கில் செய்தால் சரியாக வருமா? – வாசகர், திருப்பூர்

பதில்: பெரிய மெஷின் வேண்டாம். நீங்கள் சொல்கிற மூன்று தொல்லைக்கும் காரணம் பிளேடும் அதை மாட்டிய விதமும்தான். இதே பிளேடை இதே மாதிரி மாட்டினால் 20 அங்குல மெஷினிலும் உடையும். 16 அங்குலம் என்பது பிளேடுக்கும் பின்னால் இருக்கிற தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி. எவ்வளவு பெரிய பலகையை வைத்துத் திருப்பலாம் என்பதை மட்டும்தான் அது சொல்லும். பெயர்ப்பலகைக்கும் வேலுக்கும் அது தாராளம்.

முதலில் பலகை குதிப்பதைப் பார்ப்போம். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பிளேடின் பல் பக்கத்தில் விரல் நுனியை வைத்து, கீழிருந்து மேலாக மெதுவாக நகர்த்துங்கள். பல் விரலில் மாட்டினால் சரி. வழுக்கிக்கொண்டு போனால் பிளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள். விரலில் தெரியவில்லையென்றால் பழைய பனியன் துணியால் உரசிப் பாருங்கள். பல் கீழ்நோக்கி இருந்தால்தான் பிளேடு பலகையை மேஜையோடு சேர்த்து அழுத்தும். தலைகீழாக இருந்தால் ஒவ்வொரு முறையும் பலகையைத் தூக்கிப் போடும். இந்த மெஷின்கள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 400 முதல் 1600 முறை மேலும் கீழும் போகிறவை. அந்த வேகத்தில் தூக்கிப் போட்டால் மெல்லிய பிளேடு எப்படித் தாங்கும்? பிளேடின் கீழ்முனையில் சில பல் மட்டும் மேல்நோக்கி இருக்கிற ரகமும் உண்டு. பலகையின் அடிப்பக்கம் சிம்பு எழாமல் இருக்க அப்படிச் செய்கிறார்கள். அதிலும் மற்ற எல்லாப் பல்லும் கீழ்நோக்கித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது இழுப்பு. மாட்டி இறுக்கிய பிளேடை விரலால் சுண்டினால் தம்பூராக் கம்பி மாதிரி ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்க வேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தால் இன்னும் இறுக்குங்கள். பக்கவாட்டில் தள்ளினால் 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வளையக்கூடாது. புது பிளேடில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அந்த எண்ணெயோடு மாட்டினால், பிளேடைக் கவ்வுகிற பிடியிலிருந்து நழுவித் தெறிக்கும், நாம் உடைந்துவிட்டது என்று நினைப்போம். இரண்டு முனையையும் உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்து மாட்டுங்கள்.

இன்னொன்று, கோடு போட்டபடி நேராகத் தள்ளினாலும் வெட்டு ஒரு பக்கமாக விலகிப் போகும். நிறைய பேர் மெஷின் கோணல் என்று இதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிளேடைத் தயாரிக்கும்போது பல்லின் ஒரு பக்கத்தில் மிக மெல்லிய பிசிறு நின்றுவிடும். அந்தப் பக்கம் கூடுதலாக அறுக்கும், அவ்வளவுதான். பலகையைச் சில பாகை திருப்பிவைத்துத் தள்ளப் பழகினால் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். நேராக்குகிறேன் என்று பக்கவாட்டில் அழுத்தினால் பிளேடு உடையும். பலகையை முன்னால் மட்டும் தள்ளுங்கள், அதுவும் மெதுவாக.

இனி கருகல். பிளேடு உடைந்தபிறகு புதியது எங்கே வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நகை வேலைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் வாங்கியிருப்பீர்கள் என்பது என் ஊகம். நம் ஊர்களில் எளிதாகக் கிடைப்பது அதுதான், நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. ஸ்க்ரோல் சா பிளேடு 127 மில்லிமீட்டர், நகை ரம்பம் 130. முனையில் குச்சி இல்லாத பிளேடை மாட்டுகிற மெஷினில் அழகாகப் பொருந்தும். பொதியில் 3, 5 என்று அதே மாதிரி எண்ணும் போட்டிருக்கும். ஆனால் அது தங்கம், வெள்ளி, செம்பு அறுக்கிற பிளேடு. 5ஆம் நம்பர் மர பிளேடு ஒன்றை எடுத்து ஒரு அங்குல நீளத்துக்கு எண்ணினால் 12, 13 பல்தான் இருக்கும், ஒரு பல் விட்டு ஒரு பல் எடுத்தது போல நடுவே இடம் விட்டிருக்கும். அந்த இடைவெளியில்தான் மரத்தூள் ஏறி வெளியே வரும். நகை ரம்பத்தில் அதே அங்குலத்தில் 30 பல்லுக்கு மேல் நெருக்கமாக நிற்கும். தூள் போக வழியில்லை. உள்ளேயே அடைத்து, உரசிச் சூடாகி, மரத்தைக் கருக்கி, கடைசியில் தானும் உடையும். பூதக்கண்ணாடி வைத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், யாரும் விளக்கவே தேவையில்லை.

ஆகவே மரத்துக்கென்றே செய்த, இடைவெளிப் பல் வைத்த பிளேடு 5ஆம் நம்பரில் ஒரு டஜன், 3ஆம் நம்பரில் ஒரு டஜன் வாங்குங்கள். பேகாஸ், நிக்வா, ஓல்சன் என்று சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கச் சரக்குகள் உண்டு. இணையத்தில் வாங்கும்போது அங்குலத்துக்கு எத்தனை பல் என்று எழுதாத பொதியைத் தொடாதீர்கள். பிளேடு தேய்ந்து தீர்கிற பொருள். கெட்டி மரத்தில் 20 நிமிடம், அரைமணி நேரம் அறுத்ததும் மழுங்கிவிடும், எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான். அப்புறம், பலகையின்மேல் சாதாரண பேக்கிங் டேப்பை ஒட்டி, அதன்மேல் டிசைன் தாளை ஒட்டுங்கள். டேப் இருந்தால் பிளேடு வழுக்கிக்கொண்டு ஓடும், கருகல் பெருமளவு குறையும்.

வாங்கும் முன், உங்கள் மெஷினில் பிளேடின் இரு முனையிலும் குறுக்கே குச்சி வைத்த ரகம்தான் மாட்ட முடியுமா, வெறும் முனை பிளேடும் மாட்டலாமா என்று பாருங்கள். வாங்குகிற நேரத்தில் இதை எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. எனக்குக் கோபம் வருகிற இடம் இது. தமிழ் எழுத்து வெட்டுகிறவருக்கு இது உயிர்நாடி. ‘ல’, ‘வ’, ‘ண’ எல்லாவற்றிலும் சுழி இருக்கிறது. சுழிக்குள் வெட்ட வேண்டுமானால் முதலில் துளை போட்டு, பிளேடை ஒரு முனையில் கழற்றி, துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். குச்சி வைத்த பிளேடு நுழைய 3, 4 மில்லிமீட்டர் துளை தேவைப்படும். இரண்டு அங்குல உயர எழுத்தில் சுழியையே அந்தத் துளை தின்றுவிடும். வெறும் முனை பிளேடுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் போதும். பல மெஷின்களுக்கு வெறும் முனை பிளேடு பிடிக்கிற சின்ன அடாப்டர் தனியாக வரும், அட்டைப்பெட்டியின் அடியில் தேடிப் பாருங்கள்.

பெட்டியைக் கையில் எடுக்கும்போதே இன்னொன்றும் பாருங்கள். இறக்குமதிச் சரக்கு என்றால் எந்த நாட்டில் செய்தது, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டு பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. எத்தனை பெட்டியில் ஒழுங்காக இருக்கிறது? சோதிக்க வேண்டியவர்கள் கடைப்பக்கம் வருவதுமில்லை. பிடி தேய்ந்தாலோ ஸ்க்ரூ தொலைந்தாலோ உதிரிபாகம் கேட்கப் போனால், ஊர் பேர் இல்லாத மெஷினுக்கு யார் பொறுப்பு? 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பில் இல்லாமல், இறக்குமதிக்காரர் பெயர் தெரியாமல் சொல்கிற புகார் நகர்வது கஷ்டம். ஆகவே பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள்.

இப்போது அந்த ‘திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ விஷயம். தயவுசெய்து அதில் கையெழுத்துப் போடாதீர்கள். மெஷினை விற்கிறவனே செய்த பொருளையும் வாங்குவேன் என்றால், அவனுக்கு லாபம் மெஷினில்தான். முதல் ஒன்றிரண்டு சரக்கை வாங்குவான். அப்புறம் ‘ஃபினிஷிங் சரியில்லை’ என்று தள்ளுவான். உங்கள் பக்கத்து ஊர்தான், பெருந்துறையில் 2012இல் ஈமு கோழியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குஞ்சும் தீவனமும் கொடுத்து, வளர்த்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம் என்றுதான் அங்கேயும் பேசினார்கள், கடைசியில் பணம் போட்டவர்கள் ஏமாந்து நின்றார்கள். ஓய்வூதியப் பணத்தைக் குறிவைத்தே இந்தப் பேச்சு பேசப்படுகிறது. உங்கள் கைவேலையை விற்க நினைத்தால், முதலில் தெரிந்தவர் இரண்டு பேருக்குப் பெயர்ப்பலகை செய்து கொடுத்து, மரத்துக்கும் பிளேடுக்கும் ஆன செலவோடு உங்கள் நேரத்தையும் சேர்த்து விலை சொல்லிப் பாருங்கள்.

தேக்கு கேட்டிருந்தீர்கள். பழகுகிற காலத்தில் வேண்டாம். தேக்கில் மணல் சத்து இருக்கிறது, பிளேடைச் சீக்கிரம் மழுக்கும். மெல்லிய வேலைப்பாட்டுக்கு எந்த முழு மரமுமே ஆபத்துதான். மயில் தோகையில் ரேகைக்குக் குறுக்கே வருகிற மெல்லிய பகுதி கை பட்டாலே ஒடியும். 4 அல்லது 6 மில்லிமீட்டர் ப்ளைவுட் எடுங்கள். அதிலும் ஒரு வேலை உண்டு. கடையில் ப்ளைவுட் ஓரத்தில் சிவப்பாகவோ வேறு நிறத்திலோ பூசியிருப்பார்கள், உள்ளே இருக்கிற பொந்து அதில் மறைந்துவிடும். 303, 710 என்ற தர எண் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், முத்திரை குத்த ஒரு அச்சு போதும். பர்னிச்சர் பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேளுங்கள். நடுவில் அறுத்த ஓரம் கண்ணுக்குத் தெரியும், பொந்து இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பொந்தில் பிளேடு இறங்கினால் மெல்லிய பகுதி அப்படியே பெயர்ந்து விழும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையின் தூள் மூச்சுக்கு ரொம்பவே கெடுதல். எதை அறுத்தாலும் என்95 மாஸ்க் போடுங்கள்.

தேக்கில் ஒரே ஒரு விதிவிலக்கு, பழைய வீட்டுத் தேக்கு. செட்டிநாட்டுப் பக்கம் வீடு இடிக்கும்போது வருகிற பர்மாத் தேக்கு வைரம் பாய்ந்தது, காய்ந்து பல தலைமுறை ஆனது, இனி முறுக்காது, பிளக்காது. நன்றாகப் பழகியபின் ஒரு வேல் செய்ய இதைவிட நல்ல மரம் கிடையாது. ஆனால் இதில்தான் ஏமாற்றும் அதிகம். இளம் தேக்கின் வெள்ளைப் பாகத்துக்கும், வேறு மரத்துக்கும் சாயம் ஏற்றி ‘பழைய தேக்கு’ என்று விற்கிறார்கள். கூட வருகிற ஆசாரிக்கும் சில கடைகளில் கமிஷன் உண்டு, அதனால் அவர் வாய் திறக்க மாட்டார். ஒரு மூலையைக் கத்தியால் ஆழமாகச் சுரண்டிப் பாருங்கள். சாயம் மேல்தோலோடு நின்றுவிடும். நிஜத் தேக்கு உள்ளேயும் அதே நிறத்தில், லேசான எண்ணெய்ப் பசையோடு, அதற்கே உரிய வாசனையோடு இருக்கும். பழைய ஆணித் துளையைச் சுற்றிக் கறுத்திருக்கும். வாங்கியபின் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பலகை முழுக்க ஓட்டி, முறிந்து உள்ளே கிடக்கிற ஆணியைக் கண்டுபிடித்து எடுத்தாக வேண்டும். ஆணி இருந்தால் மரவாடியில் மெல்லிய பலகையாக அறுத்துத் தர மாட்டார்கள், அறுத்தால் அவர்கள் ரம்பம் போய்விடும்.

பழைய கதவு, ஜன்னலில் பெயின்ட் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு, மேல் இருக்கக்கூடாது என்ற சட்டம் நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் காற்றில் பரவும், குழந்தைகளுக்கு மூளையைப் பாதிக்கும். நனைத்துச் சுரண்டி எடுங்கள், அந்த நேரம் பேத்தியைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பேத்தி பெயர் வெட்டும்போது உள்ளே இருக்கிற சுழிகளை முதலில் வெட்டிவிட்டு, வெளிவரியைக் கடைசியில் வெட்டுங்கள். வெளியே முதலில் வெட்டினால் பிடித்துக்கொள்ளப் பலகை இருக்காது. பெயரில் மெய்யெழுத்து இருந்தால் புள்ளி தனியாகக் கீழே விழுந்துவிடும். வரையும்போதே புள்ளியை எழுத்தோடு ஒரு மெல்லிய காம்பால் இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் பின்னால் ஒரு பலகை வைத்து எழுத்தையும் புள்ளியையும் ஃபெவிகாலில் ஒட்டுங்கள்.

இதையெல்லாம் செய்தும் பிளேடு உடைந்தால், உடைந்த துண்டுகளை எறியாமல் வைத்து எங்கே உடைந்தது என்று எழுதுங்கள். நடுவில் உடைந்தால் அழுத்தித் தள்ளுகிறீர்கள் அல்லது மழுங்கிய பிளேடில் ஓட்டுகிறீர்கள். பிடிக்குப் பக்கத்தில் உடைந்தால் மேல்பிடியும் கீழ்பிடியும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். அப்போது வாரண்டியில் பிடியை மாற்றித் தரச் சொல்லி அதே கடைக்குப் பில்லோடு போகலாம்.