அந்த ரயில் ஓடவில்லை: நினைவே பொய்யான பாத்திரம் பற்றிக் கேள்வி பதில்

தன் நினைவுகள் பொய் என்று கண்டுபிடிக்கும் ஒருவரை வைத்துக் கதை எழுத, இலங்கையின் வடக்கே வன்னியில் பலர் முயல்கிறார்கள். வந்த கேள்விகளில் சொல்ல எனக்கு ஏதாவது இருந்தவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (பரந்தன்): ரீச்சர், நினைவு பொய் என்பதை ஒரு வைத்தியர் சொல்வதாக எழுதியிருக்கிறேன். சரியா?

வைத்தியர் வேண்டாம் தம்பி. அவர் சொன்னால் உங்கள் ஆள் கேட்டுக்கொள்வான், அவ்வளவுதான். அவனே இடற வேண்டும். இடறுவதற்கு நம் மண்ணில் கல்லுக்கா பஞ்சம்? 1990இல் வவுனியாவுக்கு வடக்கே ரயில் நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போயின. கிளிநொச்சிக்கு ரயில் திரும்பி வந்தது 2013 செப்டெம்பரில்.

உங்கள் ஆள் 1989இல் பிறந்தவன் என்று வையுங்கள். ஐந்து வயதில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து யாழ்தேவி ரயிலில் வந்ததை நன்றாக நினைவு வைத்திருக்கிறான். யன்னல் கம்பியின் இரும்பு மணம், அம்மா தோல் உடைத்துத் தந்த கச்சான் கடலை, எல்லாம் இருக்கிறது. வளர்ந்தபின் புதிய நிலையத்தில் நிற்கும்போது, பக்கத்தில் ஒரு முதியவர் தன் பேரனிடம், "இருபத்துமூன்று வருடம் இங்கே ரயிலே இல்லை" என்கிறார். இவன் விரல்விட்டு எண்ணுகிறான். எண்ணி முடிக்கும்வரை அவனைவிட்டு அகலாதீர்கள்.

கேள்வி (ஒட்டுசுட்டான்): ஆண்டுக்கணக்கு இல்லாமல் வேறு தடயம் உண்டா?

பருவம். பாலைப்பழம் வெயில் காலத்துப் பழம். மார்கழி மழையில் தாழ்வாரத்தில் குந்தியிருந்து உதடு ஒட்ட ஒட்டப் பாலைப்பழம் தின்றதாக ஒருத்தி சொன்னால், காட்டுக்குப் போய்ப் பழகிய ஆச்சி ஒரே வரியில் அதை உடைத்துவிடுவார்.

கேள்வி (மல்லாவி): தலையில் அடிபட்டதால் பொய் நினைவு வருவதாக எழுதலாமா?

மூளை பாதிக்கப்பட்டவர்கள் நடக்காததை நடந்ததாகச் சொல்வதுண்டு. ஆனால் அது பொய் என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. உங்கள் கதையோ கண்டுபிடிப்பதைப் பற்றியது. விட்டுவிடுங்கள்.

கேள்வி (முழங்காவில்): கடைசியில் எல்லாம் கனவு என்று முடிக்கலாமா?

வேண்டாம்.

கேள்வி (முள்ளியவளை): நோய் இல்லாத ஒருவருக்குப் பொய் நினைவு எப்படி வரும்? வாசகர் நம்புவாரா?

இதைக் கேட்டதற்கு நன்றி பிள்ளை. குழந்தை உளவியலில் பெரும் பெயர் பெற்ற ஜான் பியாஜே, இரண்டு வயதில் தன்னைக் கடத்த ஒருவன் வந்ததைக் கண்முன் கண்டதுபோல் நினைவு வைத்திருந்தார். பாரிஸ் வீதி, தள்ளுவண்டி, தன்னைக் காக்கப் போராடிய தாதியின் முகத்தில் கீறல்கள், ஓடிவந்த காவலர். அவருக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அந்தத் தாதி பெற்றோருக்குக் கடிதம் எழுதினாள். அது தான் கட்டிய கதை என்று ஒப்புக்கொண்டு, பரிசாகப் பெற்ற கடிகாரத்தையும் திருப்பி அனுப்பினாள். வீட்டார் சொல்லச் சொல்லக் கேட்ட கதை பிள்ளைக்குள் காட்சியாகிவிட்டது. பொய் என்று தெரிந்த பிறகும் பியாஜேக்கு அந்தக் காட்சி மறையவில்லை.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உண்மை தெரிந்ததும் நினைவு அழிந்துவிடுவதாக எழுதுகிறார்கள். அழியாது. ரயில் ஓடவில்லை என்று தெரிந்த பிறகும் உங்கள் ஆளின் மூக்கில் அந்த இரும்பு மணம் இருக்கும்.

உளவியலாளர் எலிசபெத் லோஃப்டஸ் 1995இல் வெளியிட்ட ஆய்வில், 24 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுச் சம்பவங்கள் நான்கு கொடுக்கப்பட்டன. மூன்று உறவினர் சொன்ன உண்மைகள். நான்காவது, கடைத்தொகுதியில் தொலைந்துபோனதாகக் கட்டிய பொய். ஏறத்தாழ நான்கில் ஒருவர் அந்தப் பொய்யையும் முழுதாகவோ பாதியாகவோ நினைவுகூர்ந்தார்கள். வீட்டார் சொன்னதாக வந்தது என்பதைக் கவனியுங்கள். ஆகவே பொய்யை ஊட்டியவரைக் கொடியவராக்க வேண்டிய தேவையே இல்லை. தாயை இழந்த பிள்ளைக்கு அம்மாவைப் பற்றிக் குப்பி விளக்கடியில் இரவிரவாகச் சொல்லி வளர்த்த சின்னம்மாவாக இருக்கலாம்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எனக்கு இது கோபத்தைத் தருகிறது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் அம்மாக்கள் வாழும் ஊரில், நினைவு பொய்யாகும் என்று கதை எழுதுவது யாருக்கு உதவும்?

உங்கள் கோபம் நியாயமானது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரை நினைக்காமல் இதற்குப் பதில் எழுத என்னால் முடியாது.

அதே லோஃப்டஸ் 1974இல் செய்த ஆய்வைப் பாருங்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டிவிட்டு, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்றும், சிலரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றும் கேட்டார்கள். இரண்டாவது சொல்லைக் கேட்டவர்கள் வேகத்தைக் கூட்டிச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியை அவர்கள் 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். மற்றச் சொல்லைக் கேட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர். வேகம் மாறியது, கண்ணாடி முளைத்தது. விபத்து நடந்தது நடந்ததுதான். ஒரு தாய் சட்டையின் நிறத்தை மாற்றிச் சொல்லலாம். பிள்ளையைத் தன் கையால் படையினரிடம் ஒப்படைத்தது அதனால் இல்லாமல் போய்விடாது.

கேள்வி (மீண்டும் பரந்தன்): கதை கதைதானே ரீச்சர்? எழுத்தாளனுக்கு ஏன் வேலி?

வேலி போடவில்லை தம்பி, எங்கே கால் வைக்கிறீர்கள் என்று பார்க்கச் சொல்கிறேன். பொய்யை ரயில் பயணத்தில் வையுங்கள், பாலைப்பழத்தில் வையுங்கள், தாலாட்டில் வையுங்கள். சாட்சியத்தில் வைக்காதீர்கள். வைத்தே தீருவேன் என்றால், அந்தச் சாட்சி சொன்ன ஒருவர் முன்னால் உட்கார்ந்து உங்கள் கதையை உரக்க வாசியுங்கள்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அப்படியென்றால் ஒரு நினைவு பொய்யானதும் மற்றவற்றையும் அவன் சந்தேகிக்க மாட்டானா?

சந்தேகிப்பான், சந்தேகிக்கத்தான் வேண்டும். நானே சொல்லியிருக்க வேண்டியது, நீங்கள் சொல்லிவிட்டீர்கள். இடம்பெயர்ந்த வழியில் தண்ணீர் குடித்த கிணற்றைத் தேடிப் போகட்டும். கிணறு அங்கே இருக்கட்டும். கிணற்றுக்கட்டில் கயிறு தேய்த்த தடத்தை அவன் விரலால் தடவட்டும். ஒன்று பொய்த்தபின் இன்னொன்று மெய்யாகி நிற்பது கதைக்குப் பெரிய பலம். உங்கள் கோபத்துக்கும் அதில் இடம் இருக்கிறது.

கேள்வி (மாங்குளம்): உண்மை ஒரு கனவில் தெரியவந்தால்?

கனவு வேண்டாம் என்று மேலே சொல்லியாயிற்று. தயவுசெய்து மற்றவர்களுக்கான பதில்களையும் வாசியுங்கள்.

கேள்வி (வவுனியா): மூளையில் கருவி வைத்து நினைவை ஏற்றுவது பற்றி?

அறிவியல் புனைகதை என் துறை அல்ல, அதை எழுதுபவரிடம் கேளுங்கள்.

கேள்வி (திருமுறிகண்டி): கண்டுபிடித்த பிறகு அவன் என்ன செய்வான்? சின்னம்மாவோடு சண்டை பிடிப்பானா?

சண்டையைப் பலர் எழுதிவிட்டார்கள். அவன் வீட்டுக்குப் போகட்டும். சின்னம்மா முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருக்கட்டும். ரயிலைப் பற்றி அவன் கேட்கவே கூடாது. "அம்மாவுக்குக் கச்சான் பிடிக்குமா, சின்னம்மா?" என்று மட்டும் கேட்கட்டும். அவர் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டே, நிமிராமல், "அவளுக்கு ஆகாது. நான்தான் உனக்கு உடைத்து உடைத்துத் தருவேன்" என்று சொல்லட்டும்.

அதற்குமேல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.