நூல் நம்பர் கூடினால் நூல் மெலியுமா, தடிக்குமா?

தீபாவளி இதழில் வேட்டி, சேலை வாங்குவது பற்றி எழுதியதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நூல் நம்பர் பற்றியவை. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு வேட்டி வாங்கத் தேக்கா பக்கம் போனேன். "இது 80 கவுண்ட், அது 100 கவுண்ட், 100தான் மெலிசு, அதனால்தான் விலை கூட" என்றார் கடைக்காரர். நான் வேலைக்குப் போட்டுப் போகும் நைலான் காலுறைப் பெட்டியிலோ 15 டெனியர் என்றால் மெலிசு, 40 டெனியர் என்றால் கெட்டி. ஒன்றில் நம்பர் ஏறினால் மெலிகிறது, இன்னொன்றில் தடிக்கிறது. யார் சொல்வது சரி?
– வாசகி, அங் மோ கியோ

இருவர் சொல்வதும் சரி. நூலின் தடிமனை நேரடியாக அளக்க முடியாது. பருத்தி நூல் மெத்தென்று இருக்கும், மேலெல்லாம் பஞ்சு முடி நீட்டிக்கொண்டிருக்கும், எந்தக் கருவியை வைத்து அழுத்தினாலும் நசுங்கிவிடும். ஆகவே நூற்பாலைக்காரர்கள் நீளத்தையும் எடையையும்தான் பிடித்துக்கொண்டார்கள். அதில் இரண்டு வழி உண்டு. எடையை மாற்றாமல் வைத்துக்கொண்டு அந்த எடையில் எவ்வளவு நீளம் வருகிறது என்று பார்ப்பது ஒன்று, நீளத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு எவ்வளவு எடை வருகிறது என்று பார்ப்பது இன்னொன்று. ஈரச்சந்தையில் இறால் வாங்கும்போது கிலோவுக்கு 20 என்றால் பெரிய இறால், கிலோவுக்கு 60 என்றால் பொடி இறால். பருத்திக் கணக்கும் அப்படித்தான், எண் ஏற ஏற நூல் மெலியும்.

பருத்தி நூலுக்கு நம் சிங்கப்பூர்க் கடைகளிலும் தமிழ்நாட்டு மில்களிலும் இன்றைக்கும் புழங்குவது ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு. 840 கஜம் நீளமுள்ள ஒரு சிட்டம், அப்படி எத்தனை சிட்டம் சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் கவுண்ட். 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர், 100 சிட்டம் வந்தால் 100-ஆம் நம்பர். 840 என்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நூலைச் சுற்றி அளக்கும் ராப் ரீல் என்ற சக்கரத்தின் சுற்றளவு ஒன்றரை கஜம். 80 சுற்று சுற்றினால் 120 கஜம், அது ஒரு லீ. ஏழு லீ சேர்ந்தால் ஒரு சிட்டம். இந்தக் கணக்கில் 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு நீளும், 100-ஆம் நம்பர் 76 கிலோமீட்டரைத் தாண்டும்.

டெனியர் பட்டுக்காரர்களிடமிருந்து வந்த கணக்கு, நைலானும் பாலியஸ்டரும் பின்னால் அதையே எடுத்துக்கொண்டன. 9,000 மீட்டர் இழை எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். 450 மீட்டர் இழையை 0.05 கிராம் படிக்கல்லால் நிறுத்த பழைய வழக்கத்தை விரித்தால் இந்த 9,000 கிடைக்கும். இதில் எண் ஏறினால் எடை ஏறுகிறது, இழையும் தடிக்கிறது. இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் டெக்ஸ் என்ற பொதுக் கணக்கை ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரத்தில் வைத்திருக்கிறார்கள், 1,000 மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது அது. 590.5-ஐக் கவுண்டால் வகுத்தால் டெக்ஸ், 5,315-ஐக் கவுண்டால் வகுத்தால் டெனியர். இப்போது உங்கள் இரண்டு பொருளையும் ஒரே தராசில் வைக்கலாம்: 100-ஆம் நம்பர் பருத்தி நூல் சுமார் 53 டெனியர். உங்கள் 15 டெனியர் காலுறையைப் பருத்திக் கணக்கில் சொன்னால் 350-ஐத் தாண்டும், அதனால்தான் தோல் தெரிகிறது.

சரி, 100 கவுண்ட் வேட்டிதான் 80-ஐ விட நல்லதா? கடைக்காரர் சொல்லாமல் விட்டது இங்கேதான் இருக்கிறது. கவுண்ட் மெலிவைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. நடுத்தரப் பருத்தியில் 40-ஆம் நம்பர் நூலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே சுமார் 90 பஞ்சு இழைகள் இருக்கும். அதே பஞ்சில் 100-ஆம் நம்பர் இழுத்தால் நாற்பதுகூடத் தேறாது, நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்கு இழை நீளமாகவும் மெல்லியதாகவும் உள்ள பஞ்சு வேண்டும். 1974-இல் கோவையில் வெளிவந்த சுவின் ரகம் அப்படிப்பட்டது, 120-ஆம் நம்பர் வரை நூற்கலாம் என்று பெயர் வாங்கியது. நல்ல பஞ்சில், குட்டை இழைகளைச் சீவி எடுத்து, சரியான முறுக்கு கொடுத்து நூற்ற 80, சுமாரான பஞ்சில் இழுத்துப் பிடித்த 100-ஐ விடப் பல வருஷம் உழைக்கும். எனவே கடையில் மூன்று விஷயம் கேளுங்கள்: கோம்ப்டு நூலா (குட்டை இழைகளைச் சீவி எடுத்தது), ஒற்றை இழையா அல்லது இரண்டு நூலைச் சேர்த்து முறுக்கிய இரட்டை இழையா, பாவும் (நீளவாட்டில் ஓடும் நூல்) ஊடையும் (குறுக்கே ஓடும் நூல்) ஒரே நம்பரா? இரண்டும் வேறு வேறு நம்பரில் இருப்பது குற்றமில்லை, ஆனால் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு ஹோமத்தின் முன்னால் பல மணி நேரம் உட்காரப் போகிற அப்பாவுக்கு நானாக இருந்தால் நல்ல 80 வாங்குவேன். 100 கவுண்ட் உடுத்த சுகம்தான், ஆனால் உடம்பு தெரியும், இடுப்பிலும் நழுவும்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். ஒரு புராஜெக்டுக்காகத் துணிக்கடையில் சொல்லும் கவுண்ட் உண்மைதானா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? மில்லில் எப்படிச் செய்கிறார்கள்?
– மாணவர், ஜூரோங் வெஸ்ட்

முடியும், செய்து பாருங்கள். இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

முதலில் மில். வெவ்வேறு பாபின்களிலிருந்து ராப் ரீலில் 120 கஜ லீ எடுத்து ஒவ்வொன்றையும் நிறுப்பார்கள். 64.8-ஐ லீயின் கிராம் எடையால் வகுத்தால் கவுண்ட். 1.62 கிராம் இருந்தால் 40, 1.08 கிராம் இருந்தால் 60. ஒரு லீயை மட்டும் நிறுத்துவிட்டு நம்பர் சொல்ல மாட்டார்கள், பல லீக்களின் சராசரியையும் அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். சராசரி சரியாக 40 இருந்து, தனித்தனியே 37-உம் 43-உமாக ஆடினால் அந்த நூலில் நெய்த துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அப்புறம் அதே லீயை அறும் வரை இழுத்து, தாங்கிய பலத்தைப் பவுண்டில் எடுத்துக் கவுண்டால் பெருக்கி வைத்துக்கொள்வார்கள். நம்பர் வேறாக இருந்தாலும் நூல்களின் பலத்தை ஒப்பிட அது உதவும்.

வீட்டில் ராப் ரீல் வேண்டாம், கவுண்ட் = மீட்டர் நீளம் × 0.59 ÷ கிராம் எடை என்ற வாய்ப்பாடு போதும். சமையலறைத் தராசு உதவாது, 0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு வேண்டும். வேட்டியின் முனையில் ஊடை இழைகளை ஒவ்வொன்றாக உருவுங்கள். வேட்டியின் அகலம் 50 அங்குலம் என்றால் 80 இழையில் 100 மீட்டர் தாண்டிவிடும். 100 மீட்டர் நூல் 0.59 கிராம் இருந்தால் 100-ஆம் நம்பர், 0.74 இருந்தால் 80. இந்த வித்தியாசத்தை அந்தத் தராசு தாராளமாகக் காட்டும்.

இரண்டு இடத்தில் கணக்கு தப்பலாம். துணியிலிருந்து உருவிய நூல் நெளிநெளியாக இருக்கும், ஏனென்றால் நெய்யும்போது மேலும் கீழும் போய் வந்திருக்கிறது. அதை நெளிவு போகும் அளவுக்கு மட்டும் நீவி, நீட்டிவிடாமல் அளக்க வேண்டும். துணியின் அகலத்தையே நூலின் நீளமாக எடுத்துக்கொண்டால் விடை தவறும். புது வேட்டியில் கஞ்சி வேறு இருக்கும், உருவுவதற்கு முன் நன்றாக அலசிக் காயவைத்துவிடுங்கள்.

இன்னொன்று ஈரம், நம் ஊரில் இது பெரிய விஷயம். பருத்தி காற்றிலிருந்து தண்ணீர் குடிக்கும். வணிகக் கணக்கில் காய்ந்த பருத்தியின் எடையில் 8.5 சதவீதம் ஈரம் என்று வைத்துக்கொள்கிறார்கள், பாலியஸ்டருக்கு வெறும் 0.4தான். சோதனைக்கூடத்தில் 65 சதவீத ஈரப்பதத்தில், 20 டிகிரி வெப்பத்தில் நூலை வைத்திருந்து நிறுப்பார்கள், வெப்ப நாடுகளில் 27 டிகிரிக்கும் அனுமதி உண்டு. சிங்கப்பூரில் மழை பெய்த காலையில் ஜன்னலைத் திறந்துவைத்து நிறுத்தால் பருத்தி கூடுதல் ஈரத்தோடு இருக்கும். உதாரணத்துக்கு, ஈரம் 8.5-லிருந்து 11-க்கு ஏறினால் 40-ஆம் நம்பர் நூல் 39 போலக் காட்டும். நூலைக் கிலோ கணக்கில் வாங்குகிறவருக்கு இது பஞ்சு விலையில் தண்ணீர் வாங்குவது, அதனால்தான் நூல் வணிகத்தில் ஈரத்தைக் கழித்து எடை போடும் வழக்கம் இருக்கிறது. நீங்கள் குளிர்சாதன அறையில் துணியை ஓர் இரவு வைத்திருந்து அங்கேயே நிறுத்துப் பாருங்கள், பிறகு வெளியே வைத்திருந்தும் நிறுங்கள். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அதுவே புராஜெக்டில் நல்ல ஒரு பகுதியாகும்.

1000 கவுண்ட் மெத்தைவிரிப்பு என்று விற்கிறார்களே, 100 கவுண்ட் வேட்டியே இவ்வளவு மெலிசு என்றால் அது எப்படி?
– வாசகர், தெம்பனிஸ்

அது வேறு கவுண்ட். விரிப்பில் சொல்வது ஒரு சதுர அங்குலத்தில் பாவும் ஊடையுமாக எத்தனை நூல் ஓடுகிறது என்பதை. நூலின் மெலிவுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு, மெல்லிய நூலாக இருந்தால்தான் நிறைய நுழைக்க முடியும், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. 1000 என்று போட்ட விரிப்புகளில் பெரும்பாலும் பல இழை சேர்த்து முறுக்கிய நூலின் ஒவ்வோர் இழையையும் தனித்தனியாக எண்ணியிருப்பார்கள். முறுக்கிய நூலை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்று அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் சோதனை முறை சொல்கிறது. 60-ஆம் நம்பர் ஒற்றை இழையில் நெய்த 300 விரிப்பு நம் வெக்கைக்கு நன்றாகக் காற்றோடும். அந்த 1000-க்குக் கூடுதல் வெள்ளி கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். துணி விவரத்தில் 2/80 என்று இருந்தால் அது 80-ஆ 40-ஆ? தையல் நூலில் 120 என்று இருக்கிறதே, அதுவும் கவுண்டா?
– வாசகி, ஈசூன்

2/80 என்றால் 80-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கியது, எடைக்கு அது 40-க்குச் சமம். முறுக்கும்போது நூல் கொஞ்சம் சுருங்குவதால் 40-ஐ விடத் துளி கனமாகவே இருக்கும். ஆனால் ஒற்றை 40-ஐ விட வழவழப்பு, பலம், சீர்மை எல்லாம் கூட, ஒரு நூலில் மெலிந்த இடம் வந்தால் பக்கத்து நூல் அதை ஈடுகட்டிவிடும். சட்டைத் துணிக்கு இரட்டை இழை என்றால் கொடுக்கும் காசு வீணில்லை. சில நாட்டுத் துணிகளில் 80/2 என்று திருப்பிப் போட்டிருக்கும், குழம்ப வேண்டாம்.

தையல் நூலில் இருப்பது டிக்கெட் நம்பர். பாலியஸ்டர் நூலில் 3,000-ஐ அதனால் வகுத்தால் டெக்ஸ் கிடைக்கும். 120 என்றால் 25 டெக்ஸ், ரவிக்கைக்கும் சட்டைக்கும் பொருந்தும். 80 கொஞ்சம் தடிப்பு. 40 என்றால் 75 டெக்ஸ், ஜீன்ஸ், பை போன்ற கெட்டி வேலைக்கு. இங்கேயும் நம்பர் ஏறினால் நூல் மெலிகிறது, ஆனால் பருத்திக் கவுண்டோடு அதை ஒப்பிடக் கூடாது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் தொண்டூழியர்களுக்கு டீ-சட்டை அடிக்கிறோம். திருப்பூரிலிருந்து ஒருவர் 30 கவுண்ட் 150 ஜிஎஸ்எம் என்கிறார், இன்னொருவர் 20 கவுண்ட் 190 ஜிஎஸ்எம் என்கிறார். எது நல்லது?
– வாசகர், உட்லண்ட்ஸ்

ஜிஎஸ்எம் துணியின் எடை, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது. கவுண்ட் நூலின் மெலிவு. பின்னல் துணியில் இரண்டும் சேர்ந்தே நகரும், ஆனால் கண்ணியை நெருக்கியோ தளர்த்தியோ அதே 30-இல் ஜிஎஸ்எம்மைக் கொஞ்சம் ஏற்றி இறக்கலாம். நாள் முழுக்க வெயிலில் நிற்கிறவர்களுக்கு 30 கோம்ப்டு, 150. 20-இல் 190 என்பது குளிர்சாதன அலுவலகத்துக்குச் சரி, வியர்வையில் நனைந்தால் கனக்கும், காய நேரமாகும். மொத்தமாகச் சொல்லும் முன் மாதிரி ஒன்று வரவழைத்து, துவைத்து, சுருக்கத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

காஞ்சிபுரம் சேலையில் பட்டு 20/22 டெனியர் என்று நெசவாளர் சொன்னார். ஏன் இரண்டு எண்? இதுவும் 2/80 மாதிரியா?
– வாசகி, செங்காங்

இல்லை, இது வீச்சு. ஒரு பட்டுப்புழுக் கூட்டிலிருந்து வரும் பட்டிழை 2 முதல் 3 டெனியர்தான் இருக்கும், அதுவும் தொடக்கத்தில் ஒரு தடிமன், முடிவில் மெலிவு. பல கூடுகளின் இழைகளை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றும்போது நூல் 20-க்கும் 22-க்கும் நடுவில் ஏறி இறங்கும், அதை மறைக்காமல் அப்படியே எழுதுகிறார்கள். இதைத் தனியாக நெய்வதில்லை, சில இழை சேர்த்து முறுக்கித்தான் பாவும் ஊடையும் செய்கிறார்கள். அந்த 20/22 இயற்கைக் கோந்தோடு இருக்கும், இன்னும் வேகவைக்காத பட்டின் அளவு. சாயமிடும் முன் கோந்து நீக்க வேகவைக்கும்போது எடையில் 20 முதல் 25 சதவீதம் போய்விடும், நூலும் அந்த அளவு மெலியும். ஆகவே சேலையின் கனத்தை வைத்து டெனியரைக் கணிக்காதீர்கள். எத்தனை இழை முறுக்கு, சரிகை எவ்வளவு என்று அந்த நெசவாளரிடமே கேளுங்கள், டெனியரைத் தானாகவே சொன்னவர் அதையும் சொல்லிவிடுவார்.