மிச்சிகனின் பலவீனம் எங்கே? காசு கொடுத்து அறிக்கை வாங்கலாமா?

கேள்வி: ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கத்தில் டப்ளினில் இருக்கிறோம். மகன் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், வயது 19. வரும் 2025 நவம்பர் 29 அன்று ஆன் ஆர்பரில் நடக்கும் மிச்சிகன் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்சுக்கு நண்பர்களோடு போகிறான். டெலிகிராமில் ஒருவர் 'மிச்சிகன் பலவீன அறிக்கை' என்று மாதம் 79 டாலருக்கு விற்கிறாராம், வாங்கித் தா என்று நச்சரிக்கிறான். ரன்னிங்கில் (பந்தோடு ஓடுவதில்) எத்தனையாவது ரேங்க், பாஸிங்கில் (பந்தை எறிந்து முன்னேறுவதில்) எத்தனையாவது ரேங்க் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறது. போன வருடமும் நம்பர் எல்லாம் எங்கள் பக்கம்தான் இருந்தது, ஆனாலும் தோற்றோம். எதிரணியின் பலம், பலவீனத்தை நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? இந்த 79 டாலரைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ரேங்க் பட்டியல் முழுவதும் காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை எடுத்து, கலர் அடித்து, பிடிஎஃப் ஆக்கி விற்கிறார்கள். அதைவிட மோசம், அந்த ரேங்க்கை வைத்துக்கொண்டு நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது. ஏன் என்று போன வருட மேட்சை வைத்தே சொல்கிறேன். இந்த சீசனின் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வருடத்துக் கணக்கு முடிந்துபோனது, அதில் தெளிவாகப் பார்க்கலாம்.

2024 நவம்பர் 30, கொலம்பஸ். ஒஹாயோ ஸ்டேட் நாட்டில் இரண்டாவது ரேங்க். மிச்சிகன் அதுவரை 6 வெற்றி, 5 தோல்வி. பந்தயக் கம்பெனிகள் ஒஹாயோ ஸ்டேட் சுமார் 20 பாயிண்ட் வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தன. மிச்சிகனின் பாஸிங், மேல்தட்டில் ஆடும் 134 அணிகளில் கடைசி வரிசையில் கிடந்தது. அந்த ரேங்க் பொய்யில்லை. அன்றைக்கும் அவர்களுடைய குவார்ட்டர்பேக் (பாஸ் எறிகிற ஆள்) டேவிஸ் வாரன் பாஸில் எடுத்தது வெறும் 62 யார்டு, போதாததற்கு இரண்டு இன்டர்செப்ஷன், அதாவது எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ். பலவீனம் என்று அறிக்கை சொன்ன இடம் மேட்சிலும் பலவீனமாகவே இருந்தது. ஆனால் மிச்சிகன் 13-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது.

அறிக்கை பார்க்காத இடம் ஆடுகளத்தின் நடு. மிச்சிகனுக்கு மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் என்று இரண்டு டிஃபென்சிவ் டேக்கிள்கள். பந்தை எடுத்துக்கொண்டு நடுவில் ஓடி வருகிறவனை மறிக்கிற ஆட்கள் இவர்கள்தான். இரண்டு பேருமே, தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அணிகள் காலேஜ் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்ட்டில் முதல் சுற்றிலேயே போனார்கள், கிரஹாம் ஐந்தாவது ஆளாக, கிரான்ட் பதின்மூன்றாவது ஆளாக. இவர்களை எதிர்த்துத் தள்ள வேண்டிய ஒஹாயோ ஸ்டேட் லைனில், அதாவது முன்வரிசையில் என்ன நிலைமை? அந்த வரிசையின் இடது ஓரத்து ஆள், லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரில் ஓரிகன் மேட்சில் அடிபட்டு வெளியே. நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாக்லின் நவம்பரில் பிராக்டிஸில் அடிபட்டு வெளியே. ஆக எதிரணியின் பெரிய பலம், உங்கள் அணியில் ஓட்டை விழுந்திருந்த இடத்துக்கு நேராக நின்றது. விளைவு, 26 ஓட்டத்துக்கு 77 யார்டு. ஓட்டத்துக்கு மூன்று யார்டுகூட இல்லை. நான்கு முயற்சியில் பத்து யார்டு போக வேண்டிய விளையாட்டில், முதல் முயற்சியில் இரண்டு யார்டு, மூன்று யார்டு என்று ஊர்ந்தால் அப்புறம் எல்லாமே பாஸில்தான் தேற வேண்டும். பாஸிலும் இரண்டு இன்டர்செப்ஷன். 34 யார்டு, 38 யார்டு என்று இரண்டு ஃபீல்ட் கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று பாயிண்ட்) தவறின. அந்த இரண்டிலும் சேர்த்து ஆறு பாயிண்ட், தோற்றது மூன்று பாயிண்டில்.

பாஸே இல்லாமல் மிச்சிகன் ஜெயிக்கும் என்பது செப்டம்பரிலேயே தெரிந்த விஷயம். யு.எஸ்.சி. அணியை 27-24 என்று அடித்த அன்று அவர்களுடைய மொத்த பாஸிங் 32 யார்டு. அன்றைக்கு ஓடியே ஜெயித்த கேலல் மல்லிங்ஸ்தான் கொலம்பஸிலும் 116 யார்டு ஓடினார். உங்கள் அணியும் மோசமான அணி இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு ஏழு வாரத்தில் நோட்டர் டேம் அணியை 34-23 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன் ஆனது. இரண்டு அணிகளின் ரேங்க்கும் சரியாகத்தான் இருந்தது. யார் எதிரில் யார் நிற்கிறார்கள் என்பது மட்டும் எந்த ரேங்க்கிலும் இல்லை.

நீங்களே பார்க்க வேண்டும் என்றால் முதலில் மொத்தத்தை மறந்துவிடுங்கள். இந்த வருடம் மிச்சிகன் சென்ட்ரல் மிச்சிகனை 63-3 என்று அடித்திருக்கிறது. ஒஹாயோ ஸ்டேட் கிராம்ப்ளிங் ஸ்டேட்டை 70-0. இந்த யார்டு, இந்த பாயிண்ட் எல்லாம் சீசன் சராசரிக்குள் கலந்து கிடக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணக்கில் எடுத்த நூறையும் சேர்த்து பிளஸ் டூ மார்க் சொல்வது மாதிரி. மிச்சிகன் ஓக்லஹோமாவிடம் 24-13 என்றும் யு.எஸ்.சி.யிடம் 31-13 என்றும் தோற்ற மேட்சுகளை எடுங்கள். பலமான அணி எதிரில் நின்றபோது ஒவ்வொரு முயற்சிக்கும் எத்தனை யார்டு எடுத்தார்கள், எத்தனை விட்டார்கள் என்று பாருங்கள். முயற்சி வாரியான பட்டியல் இலவசமாகவே கிடைக்கும். ஒரு தாளை வைத்துக்கொண்டு, முதல் முயற்சியில் தேவையான யார்டில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றாவது நான்காவதில் முழுசும் வந்ததா என்று டிக் போடுங்கள். தொழில்முறையில் 'சக்சஸ் ரேட்' என்று பார்ப்பது இதைத்தான். இரண்டு மேட்சுக்கு இதைப் போட்டு முடிப்பதற்குள், எந்தப் பக்கம் ஓடினால் அவர்கள் திணறுகிறார்கள் என்பது கண்ணில் பட்டுவிடும். நழுவிய பந்தை யார் பொறுக்கினார்கள் என்பதில் பெரும்பகுதி அதிர்ஷ்டம், அதைத் திறமைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழைய வருட மொத்தங்களோடு ஒப்பிடவும் வேண்டாம். 2023 முதல் கடிகார விதி மாறி, ஒரு மேட்சில் நடக்கும் முயற்சிகளே குறைந்துவிட்டன.

'ரன் டிஃபென்ஸ் ரேங்க்' (எதிரணியின் ஓட்டத்தைத் தடுப்பதில் உள்ள ரேங்க்) என்று பார்த்தால் மட்டும் நின்று யோசியுங்கள். பாஸ் போட நின்ற குவார்ட்டர்பேக்கைப் பந்தோடு பிடித்துச் சாய்ப்பதற்கு சாக் என்று பெயர். காலேஜ் கணக்கில் அந்த நஷ்டத்தை ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள்! ஓர் அணி 30 ஓட்டத்தில் 120 யார்டு, ஓட்டத்துக்கு 4 என்று எழுதியிருக்கும். அதில் மூன்று சாக், நஷ்டம் 25 யார்டு என்று வையுங்கள். உண்மையில் ஓடியது 27 தடவை, 145 யார்டு. ஓட்டத்துக்கு ஐந்தைத் தாண்டுகிறது. நான்கு என்றால் தடுத்தாகிவிட்டது, ஐந்து என்றால் அடிவாங்கியாகிவிட்டது. ஒரே மேட்ச், இரண்டு தீர்ப்பு. என்.எஃப்.எல். இதைப் பாஸ் கணக்கில் சரியாகக் கழிக்கிறது. காலேஜ் நிர்வாகம் இன்னும் பழைய பேரேட்டையே கட்டிக்கொண்டு அழுகிறது. அறிக்கை விற்கிறவர்களும் இதைச் சரி செய்யாமல் அப்படியே அச்சடிக்கிறார்கள்.

ஒரு விதிவிலக்கை நான் சொல்லாமல் விட மாட்டேன். மிச்சிகனுக்கு இது பொருந்தாது, ஆனாலும் உங்கள் மகன் அடுத்து வேறு அணியைப் பார்க்கும்போது கண்டிப்பாக இதில் தடுக்கி விழுவான். ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் ஆகிய ராணுவக் கல்லூரி அணிகள். இவர்களுடைய பாஸிங் ரேங்க் பெரும்பாலும் அடிமட்டத்தில் கிடக்கும். அது பலவீனமே இல்லை. ஆப்ஷன் என்று ஓர் ஆட்டமுறை. குவார்ட்டர்பேக் பந்தோடு ஓடிக்கொண்டே, எதிரில் வரும் ஆளைப் பார்த்து, தானே வைத்துக்கொள்வதா அடுத்தவனிடம் கொடுப்பதா என்று கடைசி நொடியில் முடிவு செய்வார். பாஸ் போட முடியாமல் போடாதவர்கள் இல்லை, வேண்டாம் என்று வைத்திருப்பவர்கள். 2024இல் ஆர்மி 12 வெற்றி, 2 தோல்வி. டுலேன் அணியை 35-14 என்று வென்று தன் கான்ஃபரன்ஸ் (பல காலேஜ் அணிகள் சேர்ந்த லீக்) சாம்பியனும் ஆனது. இன்னொன்றும் சேர்த்துக் கவனியுங்கள். இவர்கள் ஒரு தடவை பந்தை எடுத்தால் ஏழு நிமிஷம், எட்டு நிமிஷம் விட மாட்டார்கள். எதிரணிக்குப் பந்து கிடைக்கிற தடவையே குறைந்துவிடும். அதனால் மேட்சுக்கு இத்தனை யார்டு என்று பார்த்தால் ஆர்மியின் டிஃபென்ஸ் அபாரமாகத் தெரியும், முயற்சிக்கு எத்தனை யார்டு என்று பார்த்தால் அந்த அபாரம் குறையும். தாக்குதல் பலவீனமாகத் தெரிகிறது, தடுப்பு பலமாகத் தெரிகிறது, இரண்டுமே தப்பு. ரேங்க் பட்டியலை அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. 

இப்போது அந்த டெலிகிராம் ஆளைப் பற்றி. இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று மகனுக்குப் பொறுமையாகப் புரியவையுங்கள். 1,600 பேர் இருக்கிற ஒரு குரூப் என்று வையுங்கள். முதல் வாரம் 800 பேருக்கு 'இந்த அணி' என்று சொல்வார், மீதி 800 பேருக்கு 'அந்த அணி' என்று சொல்வார். சரியாக விழுந்த 800 பேரிடம் மட்டும் அடுத்த வாரம் இதையே பாதிப் பாதியாகச் செய்வார். 400, 200, 100. நாலு வாரம் கழித்து, 'இவர் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை' என்று சத்தியம் செய்கிற 100 பேர் கையில் இருப்பார்கள். அவர்களிடம்தான் மாதச் சந்தா. உங்கள் மகனின் நண்பன் அந்த நூறில் ஒருவனாக இருக்கலாம், அவன் பொய் சொல்லவில்லை, ஏமாந்திருக்கிறான். ஜெயித்த சீட்டு என்று போடுகிற ஸ்கிரீன்ஷாட்டை எவரும் தயாரிக்கலாம். தோற்ற வாரத்துப் பதிவு மறுநாள் காணாமல் போயிருக்கும்.

சந்தா வெறும் நுழைவுக் கட்டணம்தான். இப்படிப்பட்ட தரகர்களில் சிலருக்கு, தாங்கள் அனுப்பிய லிங்க் வழியாகச் சேர்ந்த ஆள் பந்தயக் கம்பெனியில் தோற்கிற பணத்தில் பங்கு உண்டு. உங்கள் மகன் தோற்கத் தோற்க அவருக்கு வருமானம். அவர் எதற்காக நல்ல ஆலோசனை சொல்வார்? வழக்கமான பந்தயத்தில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் வைக்க வேண்டும். கைநஷ்டம் இல்லாமல் நிற்கவே நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொல்ல வேண்டும். வாரா வாரம் அப்படிச் சொல்லத் தெரிந்தவர் 79 டாலருக்கு அறிக்கை விற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

நீங்கள் பந்தயம் பற்றிக் கேட்கவில்லை. ஆனால் இந்த அறிக்கைகள் கொண்டுபோய் விடுகிற இடம் அதுதான். ஒஹாயோவில் 2023 ஜனவரி 1 முதல் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வம், ஆனால் 21 வயது ஆகியிருக்க வேண்டும். மிச்சிகனிலும் அதேதான். பையனுக்கு 19. அப்பா பெயரில் அக்கவுன்ட் என்று ஆரம்பிப்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். தனிப்பட்ட காலேஜ் வீரர் இத்தனை யார்டு எடுப்பாரா என்று பந்தயம் கட்டுவதை ஒஹாயோ 2024 மார்ச்சிலேயே தடை செய்துவிட்டது. அதையும் இந்தக் குரூப்களில் கூசாமல் விற்கிறார்கள்.

'உள்ளே இருந்து வந்த காயத் தகவல்' என்று சொன்னால் உடனே வெளியே வந்துவிடச் சொல்லுங்கள். அந்தத் தகவலுக்காக ஹாஸ்டலில், கிளாஸில் வீரர்களைத் துளைத்தெடுக்கிறார்கள், பாவம், அவர்களும் 19, 20 வயதுப் பிள்ளைகள்தான். இந்த வியாபாரத்துக்கு இடம் கொடுத்ததே அமைப்புதான். 2025 ஜூலை முதல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வீரர்களுக்கு முதல் ஆண்டில் 20.5 மில்லியன் டாலர் வரை கொடுக்கலாம் என்று ஏற்பாடு செய்ய முடிந்திருக்கிறது. யார் ஆடுவார், யார் ஆட மாட்டார் என்று வாரத்தின் நடுவிலேயே நாடு முழுக்க ஒரே ஒழுங்கில் சொல்ல மட்டும் இவர்களால் முடியவில்லை. ஒவ்வொரு கான்ஃபரன்ஸும் ஒவ்வொரு விதம். உங்கள் அணி ஆடும் பிக் டென் கான்ஃபரன்ஸில், ஆட்டம் தொடங்க இரண்டு மணி நேரத்துக்கு முன்புதான் பட்டியல் வரும். அதுவரை இருக்கிற இருட்டில்தான் தரகர் காசு பார்க்கிறார்.

நண்பர்கள் யாராவது ஏற்கெனவே கார்டில் பணம் கட்டியிருந்தால், மாதா மாதம் தானாகப் புதுப்பிக்காதபடி இன்றைக்கே பேங்க்கில் சொல்லி நிறுத்தட்டும். ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவை மூலம் அனுப்பியிருந்தால் திரும்ப வருவது கஷ்டம், இனிமேல் அனுப்பாமல் இருந்தால் சரி.

மேட்ச் மதியம் 12 மணிக்கு என்றால் காலை 10 மணிக்கு அந்தப் பட்டியல் வந்துவிடும். ஸ்டேடியத்துக்கு நடந்து போகும்போதே பையன் போனில் பார்க்கலாம். பாஸ் பிடிக்கிற ரிசீவர்களை விட்டுவிட்டு, ஒஹாயோ ஸ்டேட்டின் ஐந்து லைன்மேன்களில் யார் இல்லை, மிச்சிகனின் டிஃபென்சிவ் டேக்கிள்களில் யார் இல்லை என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.