மூடுபனியில் ஓடுபாதையிலேயே இரு விமானங்கள் மோதிக்கொள்வது எப்படி?
கட்டுப்பாட்டுக் கோபுரத்தினர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே ஓடுபாதை காலியாக உள்ளதை உறுதிசெய்கிறார்கள். மூடுபனி சூழ்ந்தால், தரை ரேடார் இல்லாத இடத்தில், விமானிகள் வானொலியில் சொல்வது மட்டுமே எஞ்சுகிறது. 1977 மார்ச் 27 அன்று டெனெரீஃப் தீவில், அனுமதி கிடைத்துவிட்டதாக எண்ணிப் புறப்பட்ட கே.எல்.எம். விமானம், ஓடுபாதையை விட்டு இன்னும் விலகாத பான் ஆம் விமானத்தின் மீது மோதி 583 பேர் இறந்தனர். கோபுரமும் பான் ஆம் விமானியும் ஒரே நேரத்தில் பேசியதால், தடுத்திருக்கக்கூடிய சொற்கள் கீச்சொலியில் அமிழ்ந்துபோயின. அதன் பிறகே, 'டேக்-ஆஃப்' என்ற சொல்லை உண்மையான புறப்பாட்டு அனுமதிக்கு மட்டும் ஒதுக்கும் வழக்கம் நிலைபெற்றது.

விமானியைக் குறைசொல்வது எளிது. ஆனால் 2001 அக்டோபர் 8 அன்று இத்தாலியின் மிலான் நகரிலுள்ள லினாத்தே விமான நிலையத்தில், வழிதவறி ஓடுபாதைக்குள் நுழைந்த சிறு ஜெட் இன்னொரு விமானத்துடன் மோதி 118 பேர் மாண்டபோது, அங்கே இயங்கும் தரை ரேடாரும் இல்லை, வழிகாட்டிப் பலகைகளும் குறைபட்டிருந்தன.